ஆண்டோர் பார்க்க உட்காருமுன்: இருமுறை தோற்றவனின் வழிகாட்டி

இந்தத் தொடரை மூன்றாவது முயற்சியில்தான் பார்த்து முடித்தேன். முதல் முறை, 2022 அக்டோபரில், முதல் எபிசோடின் பாதியிலேயே தூங்கிவிட்டேன். இரண்டாம் முறை, முன்கதை முழுவதும் தெரியாமல் தொடவே கூடாது என்று மைத்துனர் சொன்னதை நம்பி ஒரு கார்ட்டூன் தொடருக்குள் நுழைந்து இரண்டு மாதச் சந்தாவைக் கரைத்தேன். ஆண்டோர் பக்கம் வந்து சேரவே இல்லை. மூன்றாம் முறை பத்தே அமர்வில் முடித்தேன். நடுவில் என்ன மாறியது என்று யோசித்துப் பார்த்தால், உட்கார்ந்த விதம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஸ்டார் வார்ஸ் உலகின் கிளைத்தொடர் இது. ஆனால் ஒளிவாள் சண்டையை எதிர்பார்த்து வந்தால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். கடன், சீருடை, அலுவலகக் கூட்டம், வீட்டுக் கணக்கில் விழுந்த துண்டு, இவைதான் கதையை நகர்த்துகின்றன. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவன். கடைசியில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தத் துண்டுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெயரைத் தமிழில் எழுதினால் 'ஆண்டோர்' என்று வருகிறது. ஆண்டோரைப் பற்றிய கதையாக்கும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முழுக்க முழுக்க ஆளப்பட்டோர் கதை.

கதையைப் போட்டு உடைக்காமல்தான் எழுதியிருக்கிறேன். கோடி காட்டிய இடங்கள் சில உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முன்கதை எவ்வளவு தெரிய வேண்டும்

மிகக் குறைவு. மைத்துனர் கொடுத்த பட்டியலில் 'தி குளோன் வார்ஸ்' முதலில் இருந்தது: 7 சீசன், 133 எபிசோடு. அதை முடித்தால் 'ரெபல்ஸ்', 4 சீசன். அவற்றில் வரும் ஓரிருவர் இதிலும் வருகிறார்கள் என்பது உண்மைதான். சா கெரேரா என்ற முரட்டுப் போராளியை அங்கே இளைஞனாகப் பார்க்கலாம். ஆனால் அவர் ஏன் எல்லோரையும் சந்தேகிக்கிறார் என்பது ஆண்டோரில் அவர் பேசும் முதல் காட்சியிலேயே விளங்கிவிடும். பழைய ரசிகர்கள் பட்டியல் கொடுப்பது அன்பினால்தான். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; திறக்க வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. விண்மீன் மண்டலம் முழுவதையும் ஒரு பேரரசு ஆள்கிறது. செனட் என்றொரு சபை பெயருக்கு நடக்கிறது. அதன் அதிகாரம் கரைந்துகொண்டிருக்கிறது. எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் நம்பாத சின்னச் சின்னக் கூட்டங்களாக. இவ்வளவு போதும்.

முதல் காட்சியிலேயே திரையில் ஓர் ஆண்டுக் கணக்கு வரும்: பி.பி.ஒய். 5. யாவின் போருக்கு 5 ஆண்டு முன்பு என்று பொருள். அந்தப் போர் 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் உச்சக்காட்சி. நம் கி.மு. கணக்கைப் போலவே, எண் குறையக் குறையக் காலம் முன்னே நகர்கிறது. இது தெரியாமல் நான் இரண்டாம் சீசன் பின்னோக்கிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன்.

அடுத்தது, ரசிகர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் கேள்வி: 'ரோக் ஒன்' படத்தை முன்பே பார்ப்பதா, பின்பு பார்ப்பதா? 2016இல் வந்த அந்தப் படத்தில்தான் காசியன் ஆண்டோர் என்ற பாத்திரம் முதலில் வந்தது. நடித்தவர் டியேகோ லூனா. தொடர் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளைச் சொல்கிறது. படத்தின் திரைக்கதையாளர்களில் ஒருவரான டோனி கில்ராய்தான் தொடரை உருவாக்கியவரும். முன்பே பார்க்கச் சொல்லும் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. முடிவு தெரிந்தவருக்கு நடுவில் வரும் ஒவ்வொரு பிரிவும் கனக்கும். பின்பு பார்க்கச் சொல்லும் கட்சியின் நியாயம், படம் தொடரின் கடைசி எபிசோடு முடிந்த கையோடு தொடங்குகிறது என்பது.

என் தீர்ப்பு: ஏற்கெனவே பார்த்தவர் மறுபடி பார்க்க வேண்டாம், மங்கலாக நினைவிருப்பதே நல்லது. பார்க்காதவர் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பாதிப் பேர் பெயர் சொல்லுமுன்பே ஓடத் தொடங்கிவிடுவார்கள். தொடரைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஓட்டத்தில் தெரிந்த முகங்கள் இருக்கும்.

2. சந்தாவும் செலவும்

இந்தியாவில் இந்தத் தொடர் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது. முன்பு டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாராக இருந்தது ஜியோ சினிமாவோடு இணைந்து, 2025 பிப்ரவரி 14 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு, பிரிட்டனிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் டிஸ்னி பிளஸ். 'ரோக் ஒன்' படத்துக்குத் தனிச் சந்தா தேடிப் போகாமல் முதலில் அதே செயலியில் தேடுங்கள்.

தொடங்கியபோது மொபைல் திட்டம் 3 மாதத்துக்கு 149 ரூபாய், விளம்பரமில்லாத பிரீமியம் மாதத்துக்கு 299 ரூபாய் என்று இருந்தது. இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை. ஆகவே யார் சொன்ன தொகையையும், என்னுடையதையும் சேர்த்துத்தான், நம்பாமல் பணம் கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: அந்தத் திட்டம் டிவியில் ஓடுமா, ஆங்கிலத் தொடர்கள் அதில் சேருமா, நடுவில் விளம்பரம் வருமா.

மூன்றாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிக்கெட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இங்கே ஒரு தாய் வாயைத் திறக்காமல் சோற்றுத் தட்டைத் தள்ளிவைக்கிற மாதிரியான காட்சிகளில்தான் கதை நடக்கிறது. அந்த மௌனத்தில் சோப்பு விளம்பரம் புகுந்தால், தொடர் மெதுவாகப் போகிறது என்றுதான் உங்களுக்கும் தோன்றும். மூன்று மாத மலிவுத் திட்டத்தைவிட ஒரு மாத விளம்பரமில்லாத் திட்டம் இதற்குச் சரி. ஒரு மாதம் தாராளமாகப் போதும். கணக்கை நான்காம் படியில் தருகிறேன்.

பணம் கட்டும்போது யுபிஐ ஆட்டோபே தானாகவே ஒட்டிக்கொள்ளும். கட்டிய அன்றே யுபிஐ செயலிக்குள் போய் அதை ரத்து செய்துவிடுங்கள். பொதுவாக, கட்டிய காலம் முடியும்வரை தொடர் ஓடும். நான் ஆண்டோர் பார்க்காமலே இரண்டு மாதம் கட்டிய கதை, அதை ரத்து செய்யாமல் விட்டதால்தான் நடந்தது.

மொழி விஷயத்தில், உங்கள் செயலியில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன என்று எபிசோடுப் பக்கத்திலேயே தெரியும். நான் மூல ஒலியையும் ஆங்கில வசன வரிகளையும் சொல்வேன். யார் எந்த ஊர்க்காரர், யார் மேல்தட்டு என்பது உச்சரிப்பிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் சீசனில் வரும் கோர்மன் மக்களின் பேச்சில் பிரெஞ்சு வாடை அடிக்கும், அது காரணத்தோடுதான்.

3. ஒரு தாளும் பேனாவும்

சிரிக்காதீர்கள். முதல் அமர்வில் எனக்கு மிகவும் உதவியது ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம். தொடர் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. ஆட்கள் பாதி வாக்கியத்தில் உள்ளே வருவார்கள். பெயர் இரண்டு எபிசோடு கழித்துத்தான் காதில் விழும். தாளை நான்காகப் பிரித்து இடத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபெரிக்ஸ்: பழைய கப்பல்களை உடைத்துப் பிழைக்கும் தொழிலாளர் ஊர். காசியன், அவனை வளர்த்த மார்வா, பட்டறை வைத்திருக்கும் பிக்ஸ், திக்கித் திக்கிப் பேசும் பீ என்ற பழைய எந்திரம். ஊர்க்கோபுரத்தில் ஒருவர் இரும்புப் பட்டடையை இரண்டு சுத்தியலால் அடித்து நேரம் சொல்வார். வேலை முடிந்தவர்கள் கையுறையைச் சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். இவற்றை வெறும் அலங்காரமென்று தள்ளிவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

கோருசான்ட் (தலைநகரக் கோள்), மேல்தட்டு: செனட்டர் மோன் மோத்மா, அவர் கணவர், பதின்வயது மகள். பழம்பொருள் கடை வைத்திருக்கும் லூதன், கடையைப் பார்த்துக்கொள்ளும் கிளேயா. ஓர் எச்சரிக்கை: லூதன் ஒரே ஆள்தான், இரண்டு கோலத்தில் வருவார், தலைமுடிகூட மாறும். என் மனைவி நான்காம் எபிசோடு முடியும்வரை இருவர் என்றே நினைத்திருந்தாள்.

கோருசான்ட், அலுவலகம்: ஐ.எஸ்.பி. என்ற பேரரசின் உளவுத்துறை. டெட்ரா மீரோ என்ற அதிகாரி, அவருடைய மேலதிகாரி பார்டகாஸ். வெள்ளைச் சுவர், வட்ட மேசை, வாராந்தரக் கூட்டம். அரசு அலுவலகத்தில் வேலை செய்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நடக்கும் கழுத்தறுப்பு ஒவ்வொன்றும் உங்களுக்கு விளக்கமில்லாமலே புரியும்.

சிரில் கார்ன்: இவனுக்குத் தனிக் கட்டம். ஒரு தனியார் காவல் நிறுவனத்தில் துணை ஆய்வாளர். கொடுத்த சீருடையைத் தையற்காரரிடம் கொடுத்துத் திருத்திப் போட்டுக்கொள்கிற ஆள். அம்மாவின் வீட்டுக்குத் திரும்பும்போது அவனைப் பார்த்துச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது. இரண்டும் சரி.

கோருசான்ட், கோர்மன் இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிக்கும். முன்னது தலைநகரக் கோள், பின்னது நெசவுக்குப் பெயர்போன கோள். மோன், மார்வா, மீரோ என்று மகர வரிசை வேறு. அதற்குத்தான் தாள்.

4. மூன்று மூன்றாகப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆண்டோரை எபிசோடு எபிசோடாக எண்ணாதீர்கள். மூன்று எபிசோடு சேர்ந்தால்தான் அது ஒரு படம். தயாரித்தவர்களே அதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்: முதல் சீசன் 2022 செப்டம்பர் 21இல் வெளியானபோது மூன்று எபிசோடுகளை ஒன்றாக வெளியிட்டார்கள். இரண்டாம் சீசனின் 12 எபிசோடுகளை 2025 ஏப்ரல் 22 முதல் வாரத்துக்கு மூன்றாக நான்கே வாரத்தில் முடித்தார்கள். எழுதியவர்களும் இயக்கியவர்களும்கூடப் பெரும்பாலும் இந்த மும்மூன்று எபிசோடுக் கூறுகளின்படியே மாறுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் தினம் ஒன்று என்று பார்க்கிறவர் என்ன ஆகிறார்? முதல் எபிசோடில் பத்து நிமிடத்துக்குள் ஒரு தவறு நடந்துவிடுகிறது. இரண்டு பேர் சாகிறார்கள். அதன்பின் இரண்டு எபிசோடும் ஒருவன் பொய்ச்சாட்சி தேடி, கடன்காரர்களுக்குப் பதில் சொல்லி, கையில் இருக்கும் ஒரு திருட்டுப் பொருளை விற்க அலைவதுதான். எபிசோடு திடுமென்று நின்றுவிடும். எந்த முடிச்சும் அவிழாது. மறுநாள் வேறு வேலை வந்துவிடும். மூன்றாம் நாள் "என்னப்பா இது, இழுக்கிறார்கள்" என்று தோன்றும். நான் தூங்கியது இப்படித்தான். படத்தின் இடைவேளைக்கு அரை மணி முன்பே எழுந்து வந்துவிட்டுப் படம் சரியில்லை என்று சொன்ன கதை.

மெதுவாக நடப்பதும் இழுவையும் வேறு. இழுவை என்றால் என்ன என்று நம் வீட்டு மாலை நேரங்களுக்குத் தெரியும்: கன்னத்தில் அறை விழுந்தால் கூடத்தில் நிற்கிற எட்டுப் பேர் முகத்தையும் மும்மூன்று முறை காட்டுவது. ஆண்டோரில் ஒரு காட்சியை எடுத்துவிட்டால் இரண்டு எபிசோடு தள்ளி வேறொன்று ஆட்டம் கண்டுவிடும். அது சேமிப்பு. செலவழிப்பது மூன்றாம் எபிசோடில்.

அமர்வுகள் இப்படி:

முதல் சீசன் 1, 2, 3: ஃபெரிக்ஸ். மூன்றையும் ஒரே இரவில். இடையில் எழக்கூடாது.

4, 5, 6: ஆல்தானி என்ற கோள். பேரரசின் படைக் கருவூலத்திலிருந்து மூன்று மாதச் சம்பளப் பணம், 8 கோடி கிரெடிட், கொள்ளையடிக்கத் திட்டம். நான்கும் ஐந்தும் மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவர்போல் நடந்துகொண்டே பயிற்சி எடுப்பது. ஆறாவதை என் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். மலையும் அணையும் ஸ்காட்லாந்தில் உண்மையிலேயே இருப்பவை. நடிகர்களுக்குப் பின்னால் பெரிய திரையில் கணினிப் படத்தை ஓடவிட்டு எடுக்கும் முறையை இந்தத் தொடரில் தவிர்த்திருக்கிறார்கள். ஃபெரிக்ஸ் தெருவையும் வெட்டவெளியில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். மண் மண்ணாகத் தெரிவது அதனால்தான்.

7: இதை மட்டும் தனியாக. கொள்ளைக்குப்பின் பில் வருகிற எபிசோடு. மோன் மோத்மாவின் குடும்பக் கணக்கில் 4 லட்சம் கிரெடிட் இடிக்கிறது என்ற விவகாரம் இதைச் சுற்றித்தான் சூடுபிடிக்கும். ஒரு புரட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதை எந்தத் தலைப்பில் காட்டுவது, தணிக்கைக்காரன் வந்தால் என்ன சொல்வது என்று ஒரு விண்வெளித் தொடர் கவலைப்படுவதைப் பார்த்து எனக்குக் கண் பனித்தது.

8, 9, 10: ஒன்றும் சொல்லமாட்டேன். மேசைக்கு ஏழு பேர், அறைக்கு ஏழு மேசை, எல்லோரும் வெறுங்காலோடு. மறுநாள் விடுமுறையாக இருக்கட்டும்.

11, 12: முடிவு. வாத்தியத்தோடு ஊரே திரண்டு போகும் சாவு ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 12ஆம் எபிசோடில் எந்த விளக்கமும் தேவைப்படாது.

ஆக முதல் சீசனுக்கு ஐந்து அமர்வு, இரண்டாவதற்கு நான்கு, 'ரோக் ஒன்'னுக்கு ஒன்று. மூன்று எபிசோடு சேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குள் எழுந்துவிடலாம். சனி, ஞாயிறு மட்டும் பார்த்தாலே நான்கு வார இறுதியில் எட்டு அமர்வு ஆகிவிடும். நடுவில் இரண்டு வார நாட்களைத் திருடிக்கொண்டால் ஒரு மாதச் சந்தாவுக்குள் முடிந்துவிடும். 11, 12ஐ முடித்த அன்றே இரண்டாம் சீசனைத் தொடாதீர்கள். ஒரு நாளாவது விடுங்கள்.

5. செயலி வைக்கும் பொறிகள்

முதல் எபிசோடிலேயே ஒரு காட்டில் சிறுவர்கள் பேசிக்கொள்வார்கள், வசன வரி வராது. நான் அமைப்பை மாற்றினேன், செயலியை நீக்கி மறுபடி ஏற்றினேன், இணைய இணைப்பைக் குறை சொன்னேன். பழுது எதுவுமில்லை. கெனாரி என்ற அந்தக் கோளின் மொழிக்கு வேண்டுமென்றே மொழிபெயர்ப்புக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும், விளங்கும்.

'முகப்பைத் தாண்டு' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். முதல் சீசனில் முகப்பு இசை ஒவ்வொரு எபிசோடுக்கும் மாறுகிறது. நிக்கோலஸ் பிரிட்டெல் ஒரே மெட்டை வேறு வேறு வாத்தியத்தில் கொடுத்திருக்கிறார். அன்றைய எபிசோடின் மனநிலை அதிலேயே தெரிந்துவிடும். நேரமும் மிகக் குறைவு.

அடுத்த எபிசோடு தானாகத் தொடங்குவதை அணைத்துவிடுங்கள். முதல் சீசனின் 12ஆம் எபிசோடில், பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின் ஒரு சின்னக் காட்சி உண்டு. அதைத் தவறவிட்டால் 8 முதல் 10 வரை பார்த்ததில் பாதிப் பொருள் போய்விடும். எனக்கு அது ஆறு வாரம் கழித்து மைத்துனர் வாயால் தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த திருப்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விளக்கை அணையுங்கள். இரவுக் காட்சிகள் உண்மையிலேயே இருட்டாக இருக்கின்றன. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இந்தத் தொடரில் ஒரு பார்வை பரிமாறிக்கொள்ளப்படும்போது நீங்கள் வாட்ஸாப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த எபிசோடில் ஒருவர் ஏன் கைதானார் என்றே தெரியாது.

6. இரண்டாம் சீசன்: ஆண்டுத் தாவல்

இங்கே மூன்று எபிசோடு என்பது விதியாகவே ஆகிவிடுகிறது. 1 முதல் 3 வரை பி.பி.ஒய். 4, அடுத்த மூன்று பி.பி.ஒய். 3, அதற்கடுத்த மூன்று 2, கடைசி மூன்று 1. ஒவ்வொரு கூறுக்கும் நடுவே ஓராண்டு காணாமல் போகிறது. போன கூறில் சண்டை போட்டவர்கள் இந்தக் கூறில் ஒரே வீட்டில் இருப்பார்கள். என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொல்லமாட்டார்கள். புதுக் கூறு தொடங்கினால் முதல் கால் மணி நேரம் பொறுமையாக இருங்கள். எபிசோடைத் தவறவிட்டுவிட்டோமோ என்று பின்னால் போய்த் தேடாதீர்கள்.

முதல் கூறில் காசியன் ஒரு காட்டில் சிக்கிக்கொண்டு, தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் கத்துக்குட்டிப் போராளிகளிடம் மாட்டிக்கொள்கிறான். இந்தத் தொடரில் உண்மையாகவே இழுவை என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பகுதி இதுதான். எதிர்ப்பாளர்கள் எவ்வளவு சிதறிக்கிடந்தார்கள் என்று காட்டத்தான் என்பது புரிகிறது. பாதி நேரத்தில் காட்டியிருக்கலாம். அதே மூன்று எபிசோடில் நடக்கும் கல்யாண வீடு இதற்கு ஈடுகட்டிவிடுகிறது: சிரித்துக்கொண்டே விருந்தாளிகளை வரவேற்கும் பெண்ணைப் பெற்றவளின் வயிற்றில் நெருப்பு.

வயது விஷயம். ஸ்டார் வார்ஸ்தானே என்று குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். முதல் சீசனின் 9ஆம் எபிசோடில் ஒலியை மட்டும் வைத்து ஒரு சித்திரவதை நடக்கிறது. ரத்தம் ஒரு துளி இல்லை, ஆனால் எனக்கு அன்று தூக்கமில்லை. இரண்டாம் சீசனின் 3ஆம் எபிசோடில் பாலியல் வன்முறை முயற்சி ஒன்று வருகிறது. 7, 8, 9 மூன்றும் கனமானவை. ஈழத்திலோ வேறெங்கோ இப்படிப்பட்டவற்றை நேரில் கண்டு வந்தவர் வீட்டில் இருந்தால், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். அந்தக் கூறின் 9ஆம் எபிசோடை எழுதிய டேன் கில்ராய்க்கு 2025இல் எம்மி விருது கிடைத்தது. ஒரு செனட்டர் எழுந்து பேசுவதுதான் அதன் மையம். பேச்சுக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு மேடைப்பேச்சின் அருமை தெரியும்.

7. பார்த்து முடித்தபின் வரும் சண்டை

கடைசி எபிசோடு முடிந்த இரவோ மறுநாளோ 'ரோக் ஒன்' பாருங்கள். 2 மணி 13 நிமிடம். தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். அதற்குப்பிறகுதான் வாய்ச்சண்டைக்குத் தயாராவீர்கள். கட்டாயம் ஒரு ரசிகர் வந்து மாட்டுவார். மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்.

"இது ஸ்டார் வார்ஸே இல்லையே?" என் மைத்துனர் இந்தக் கட்சி. ஒளிவாளும் விசித்திர உயிரினங்களும் சாகசமும் இல்லாவிட்டால் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார். சிறுவயதில் வாய்பிளந்து பார்த்த ஒன்றில் இப்போது கோப்பும் கூட்டக் குறிப்பும் வருவது அவருக்கு இழப்பு. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவர் கொண்டாடும் பழைய படங்களில் பேரரசு என்பது கறுப்பு முகமூடியும் மூச்சுச் சத்தமும்தான். அந்தப் பேரரசுக்கு யார் சம்பளப் பட்டியல் போடுகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். ஆல்தானி கொள்ளைக்கு 1907இல் டிஃப்லிஸ் நகரில் ஸ்டாலினின் கூட்டாளிகள் நடத்திய வங்கிப் பணக் கொள்ளையும், இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் வரும் அதிகாரிகள் கூட்டத்துக்கு 1942இல் பெர்லின் அருகே நடந்த வான்சே கூட்டமும் மனதில் இருந்ததாக டோனி கில்ராய் சொல்லியிருக்கிறார். ஒரு கோளின் மக்களை என்ன செய்வது என்பது நிகழ்ச்சி நிரலில் ஓர் உருப்படியாக வருகிறது, நடுவே சிற்றுண்டி.

"இரண்டாம் சீசனின் ஏழாம் எபிசோடில் அந்தக் குணமாக்கும் பெண் எதற்கு?" இது எதிர்க்கட்சி. இவ்வளவு மண்ணில் நின்ற தொடருக்குள் கைவைத்து நோய் பார்க்கும் ஒருத்தியை ஏன் கொண்டுவந்தார்கள் என்று வருந்துவார்கள். எனக்கு அது உறுத்தவே இல்லை. வேப்பிலை அடித்துப் பார்வை பார்க்கும் கிழவி இல்லாத தெரு நம் ஊரில் இருந்ததா? நம்புகிறவர் நம்புவார், காசியன் முறைத்துக்கொண்டு நிற்பான். அதைவிட மண்ணில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை.

"மெதுவாக இல்லையா?" இதைக் கேட்பவரிடம் ஒரே ஒரு பதில் கேள்வி கேளுங்கள்: எத்தனை எபிசோடு ஒன்றாகப் பார்த்தீர்கள்? பெரும்பாலும் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

8. பிடிக்கவில்லை என்றால்

முதல் மூன்றில் பிடிக்காமல் போகலாம். ஆறாம் எபிசோடு வரை வாருங்கள். அதற்குப்பிறகும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். போகப்போகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்களுக்கு அது வேறு வகைச் சோறு. இரண்டு அமர்வுதான் போயிருக்கும், சந்தாவில் மூன்று வாரம் மிச்சம் இருக்கும். அதே செயலியில் மைத்துனர் சொன்ன குளோன் வார்ஸ் இருக்கிறது. அதைத் தொடங்கினால் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.